கொஞ்சம் பைய ஓடட்டும்



இந்த இதழின் அட்டையில் நீலம் ஓர் இழை தூக்கலாக இருப்பதைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அச்சகத்தார்மேல் குறை இல்லை. வண்ணப் படி பார்த்துச் சொல்ல நான் சிவகாசியில் இருந்திருக்க வேண்டிய நேரத்தில் கப்பலூர் டோல்கேட்டில் நின்றிருந்தேன். முன்னால் செங்கல் லாரி, பின்னால் அரசுப் பேருந்து, நடுவில் மூச்சு நின்ற என் கார். சாவியைத் திருகினால் உயிர் வருகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஓர் உதறு உதறிவிட்டு அடங்கிவிடுகிறது. பேருந்து ஓட்டுநர் அடித்த ஹாரன் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

இத்தனைக்கும் வண்டியில் எதுவும் கெட்டுப்போகவில்லை. புதிதாக ஒன்றைத்தான் போட்டிருந்தேன்: பேட்டரி.

பழைய பேட்டரி நான்கு வருஷம் உழைத்தது. பங்குனிக் கடைசியிலேயே செல்ஃப் அடிக்கும்போது முனகத் தொடங்கியது. சித்திரையில் ஒரு சாயங்காலம் 'டக்' என்று ஒற்றைச் சத்தம் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. கடைக்குப் போன் செய்தேன். ஒரு பையன் டூவீலரில் கால் வைக்கும் இடத்தில் புது பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தான். பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று, அழுக்குத் துணி ஒன்று; கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழையதற்கு விலை கழித்து, பில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதையே தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் தெருமுனை தாண்டிய பிறகு ஸ்டார்ட் செய்தேன். கடிகாரம் 12:00 என்று கண் சிமிட்டியது. எஞ்சின் குளிர்ஜுரம் கண்டவன்போல நடுங்கியது. புதுசுதானே, பழகிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். நான் நினைத்தது சரிதான். பழக வேண்டியது பேட்டரி அல்ல என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

டோல்கேட்டில் வண்டியை ஓரம் தள்ளியதும் ஆலோசனைகள் வந்து குவிந்தன. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். பம்ப் போயிருக்கும் என்றார் இன்னொருவர். பிளக்கைக் கழற்றித் துடையுங்கள் என்றார் செங்கல் லாரி கிளீனர். பக்கத்தில் இருந்த ஒரு பட்டறைக்கு உதறிக்கொண்டே போனேன். பானட்டைத் திறந்தவர் அரை நிமிடம் பார்த்தார். த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும், இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகையும் சொன்னார். நான் அட்டைப்படத்தை நினைத்துக்கொண்டு, ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்தபடியே அங்கிருந்து நழுவினேன்.

திருமங்கலம் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை. கூரையிலிருந்து பழைய டயர் ஒன்று தொங்கியது, அதுதான் பெயர்ப்பலகை. அறுபதைத் தாண்டிய ஒரு மனிதர், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கதையைத் தொடங்குவதற்குள் கையமர்த்திவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, கடைசியா இதுல யாரு கை வச்சா?"

பேட்டரி மாற்றியதைச் சொன்னேன். "அதான பாத்தேன்" என்று எழுந்தார்.

முதலில் பேட்டரியின் இரண்டு கிளாம்புகளையும் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கொண்டு திருகிப் பார்த்தார். பிளஸ் அசையவில்லை. மைனஸ் நகக்கண் அளவு திரும்பியது. அதை இறுக்கினார். அடுத்து, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். பேட்டரியை வெளியே எடுக்கச் சின்னக் கார்களில் அந்தக் குழாயைக் கொஞ்சம் விலக்க வேண்டியிருக்கும். பையன் விலக்கியிருக்கிறான்; திரும்ப மாட்டியும் இருக்கிறான். கிளிப்பைத்தான் விட்டுவிட்டான். "இதுவழியா ஏர் இழுக்குது. கணக்குல வராத காத்து" என்றார். ஒரு புது கிளிப்பைப் போட்டு முடுக்கினார். சரி, தீர்ந்தது என்று நான் சாவியைத் திருகினேன். உதறல் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது.

அவருக்கு அது ஆச்சரியமாக இல்லை. "ஏசி, லைட்டு, பாட்டு, எல்லாத்தையும் அமத்துங்க. ஆக்சிலேட்டர்ல கால் படவே கூடாது. அதுபாட்டுக்குப் பைய ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, பாதி குடித்த டீ கிளாஸை எஞ்சின் மேல்மூடியில் கொண்டுவந்து வைத்தார். இரண்டு முறை அணைந்து, மூன்றாம் முறை அணையாமல் ஓடியது. ஆர்பிஎம் முள் 500-க்கும் 900-க்கும் நடுவே ஊஞ்சலாடியது. டீயின் மேற்பரப்பில் வட்டம் வட்டமாக அலை. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டு நிமிடம் கழித்து ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்றது. அலை சின்னதானது. ஃபேன் மறுபடி ஓடி நின்றபோது முள் 800-க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. "இப்ப ஏசியப் போடுங்க." போட்டதும் ஒரு குலுங்கு, ஒரு தயக்கம், பிறகு நிதானம். கிளாஸைப் பார்த்தேன். டீமேல் ஏடு படிந்திருந்தது. அதை ஒரு விரலால் எடுத்து வீசிவிட்டு, ஆறிப்போன மிச்சத்தைக் குடித்துவிட்டு அவர் சொன்னார்: "வண்டிக்கு ஒன்னுமில்ல தம்பி. படிச்சதெல்லாம் மறந்துபோச்சு. திரும்பப் படிக்க நேரம் குடுத்தீங்கன்னாப் போதும்."

கிளிப்புக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டார். வேலைக்கு எவ்வளவு என்று கேட்டேன். "நான் எங்க வேல பாத்தேன், அதுல்ல பாத்துச்சு" என்றார்.

அவர் சொன்ன 'படிப்பு' என்னவென்று வீட்டுக்கு வந்து துருவினேன். பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று போகும் வழியில், அந்த த்ராட்டில் பாடிக்குள், காசு போல வட்டமான ஒரு தகடு இருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும். காலை எடுத்துவிட்டால் மூடும். ஆனால் நூலிழை இடைவெளி விட்டுத்தான் மூடும். அந்த இடைவெளியில் போகிற காற்றில்தான் சிக்னலில் நிற்கும் எஞ்சின் உயிர் வாழ்கிறது. அதைத்தான் பட்டறைகளில் ஸ்லோ ஸ்பீடு என்கிறார்கள். பெரும்பாலான கார்களில் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று. வருஷக்கணக்கில் ஓடும்போது அந்தத் தகட்டின் விளிம்பில் கரி படிகிறது. நூலிழை, அரை நூலாகிறது. காருக்குள் இருக்கும் கணினி இதை நாளுக்கு நாள் கவனித்துக்கொண்டே வந்து, தகட்டை ஒரு துளி கூடுதலாகத் திறந்து வைக்கப் பழகிக்கொள்கிறது. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். புகைபோக்கிக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் மிச்சக் காற்றை மோந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, பெட்ரோலின் அளவையும் கூட்டிக் குறைத்துக் கணினி குறித்து வைத்துக்கொள்கிறது. ஆக, என் காரின் கரிக்கும், அதன் தேய்மானத்துக்கும் ஏற்ற ஒரு தனிக்கணக்கு அதனிடம் இருந்தது.

பல கார்களில் அந்தக் கணக்கை அழியாமல் காப்பது பேட்டரியிலிருந்து எந்நேரமும் கசியும் சிறு மின்சாரம்தான். கிளாம்பைக் கழற்றிய நொடியில் கணக்கு காலி. திரும்ப மாட்டும்போது கணினி தொழிற்சாலையில் பிறந்தபோது கற்ற பாடத்தோடு எழுந்திருக்கிறது. அந்தப் பாடம் கரி இல்லாத புதுத் தகட்டுக்கானது. கரி மட்டும் அப்படியே இருக்கிறது. காற்று போதவில்லை, எஞ்சின் திணறுகிறது. நம் பையன் செய்த குற்றம் ஒரு கிளிப்புதான். மீதி, நான்கு வருஷமாக நான் த்ராட்டில் பாடியைத் துடைக்காத குற்றம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பேட்டரியைத் தொடாமல், கரியை மட்டும் ஸ்ப்ரே அடித்துச் சுத்தமாகத் துடைத்தால் நேர்மாறாக நடக்கும். கூடுதலாகத் திறந்து வைக்கிற பழக்கம் கணினிக்குப் போயிருக்காது. எஞ்சின் 1,200, 1,500 என்று கத்தும். அதுவும் பழகித்தான் இறங்கும். சில நிறுவனங்களின் கார்களில் தானாகப் பழகாது, ஸ்கேனர் வைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். புதிய மாடல்கள் பலவற்றில் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம் வந்துவிட்டதால் இந்தத் தொல்லையே இல்லை. வண்டியோடு வந்த கையேட்டைப் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டில் வைத்திருப்பவர்கள் (நானும்தான்) ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம்.

அம்பாசடர், பியட் காலத்து ஆட்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். அவற்றின் நினைவு ஒரு திருகாணியில் இருந்தது. கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் அந்த ஸ்லோ ஸ்க்ரூவை, காதைச் சாய்த்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பி, எஞ்சின் கிணுகிணுவென்று சீராக ஓடத் தொடங்கியதும் கையெடுத்துவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றிப் பத்து நாள் வீட்டுக்குள் வைத்தாலும் திருகாணி மறக்காது. 2000 ஏப்ரலில் கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி நாடு முழுக்க வந்த பிறகு கார்பரேட்டர் ஒதுங்கத் தொடங்கியது. பிறகு பி.எஸ். (பாரத் ஸ்டேஜ்) 3 நாடு முழுமைக்கும் 2010-ல், பி.எஸ். 4 2017-ல், பி.எஸ். 6 2020 ஏப்ரல் முதல் தேதியில். ஒவ்வொரு படியிலும் காதால் செய்த வேலை ஒன்று கணினியின் கைக்குப் போனது. புகை குறைந்தது, மைலேஜ் கூடியது. நான் கார்பரேட்டருக்காக ஏங்குகிற ஆள் இல்லை. மழைநாள் காலையில் சோக் இழுத்துப் போராடியவர்கள் யாரும் ஏங்க மாட்டார்கள். மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் வயலில் நிற்கும் பழைய டிராக்டர்களுக்கு இந்த மறதிக் கவலை இன்றும் இல்லை. பேட்டரி தூக்கிக் கொடுத்தால் போதும். கிளப்பிய பிறகு பேட்டரியைக் கழற்றினாலும் டீசல் எஞ்சின் கண்டுகொள்ளாது.

ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்றைக்கு ஆபத்து. டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி கிளாம்பைக் கழற்றிவிடுவார்கள். அணையாமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதைய கார்களில் அதைச் செய்தால் மின்னழுத்தம் ஒரேயடியாக எகிறி, கணினியையே சுட்டுவிடக்கூடும். சின்ன மீட்டர் ஒன்று இருந்தால் போதும். நன்றாக சார்ஜான பேட்டரி, எஞ்சின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் டைனமோவைச் சந்தேகிக்க வேண்டாம். 13-க்குக் கீழேயே நின்றால் புது பேட்டரி வாங்கியது வீண் செலவாகியிருக்கலாம்.

பேட்டரியைப் பற்றிப் பேசும்போது 1912-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்கிறேன். அந்த வருஷ மாடல் காடிலாக் காரில்தான், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் முதன்முதலாக ஏறியது. அதற்கு முன்னால் முன்பக்கம் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். சுற்றும்போது கம்பி எதிர்ப்பக்கம் அடித்துக் கையொடிந்தவர்கள் உண்டு. அதே 1912-ல் இங்கே மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் பேருந்து விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவருடைய நிறுவனம் கேஸ் பிளான்ட் என்ற கருவியைச் செய்தது. கரியை மூட்டி, அதன் வாயுவில் எஞ்சினை ஓட்டும் ஏற்பாடு. பெட்ரோலுக்குப் பிறந்த எஞ்சினைக் கரி வாயுவுக்குப் பழக்கிய ஊர் இது. என் கார் தன் கரிக்குத் தானே பழகிக்கொள்ளாதா என்ன.

பேட்டரி ஏன் நான்கு வருஷத்தில் போனது என்று கேட்டவர்களுக்கு: வெயில். ஈய-அமில பேட்டரியை 1859-ல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்தார். அவருடைய ஊர்க் குளிரில் பேட்டரி காலையில் எழ மறுக்கும், அவ்வளவுதான். நம் ஊரில் வெயில் அதை உள்ளுக்குள் அரிக்கிறது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் பொதுக்கணக்கு. மதுரையில் அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி என்றால், சித்திரைத் திருவிழா நெரிசலில் கோரிப்பாளையத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் காரின் பானட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மின்வேதியியலை ஆராய நம் பக்கத்திலேயே ஒரு நிலையம் இருப்பது பலருக்கு நினைவிருக்காது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்த வளாகத்தைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை போட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. யாராவது எழுத முன்வந்தால் பக்கம் ஒதுக்கத் தயார்.

எல்லா உதறலும் மறதியால் வருவதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் யாராவது டீ கிளாஸை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் காத்திருப்பீர்கள். கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள்: கிளாம்பு, எர்த் வயர், காற்றுக் குழாய், அதன் பக்கத்தில் பிடுங்கி விட்டுப்போன சென்சார் ஏதாவது. 'உஸ்' என்று சீறல் கேட்டால் எங்கோ ஏர் இழுக்கிறது. அவையெல்லாம் சரி என்றால் சும்மா ஓடவிட்டு, பிறகு கொஞ்சம் ஊருக்குள், கொஞ்சம் நான்குவழிச் சாலையில் என்று ஓட்டுங்கள். எனக்குத் திருமங்கலத்திலிருந்து விருதுநகர் போவதற்குள் முழுக்கத் தெளிந்துவிட்டது. இரண்டு மூன்று நாள் ஓட்டியும் தெளியவில்லை என்றால் பிளக்கோ வேறு ஏதோ பழைய நோயோ இருக்கலாம். இத்தனை நாள் கணினி ஈடுகட்டி மறைத்து வைத்திருந்தது இப்போது வெளியே வந்திருக்கும். மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்டுங்கள். கண் சிமிட்டினால் ஓட்டவே வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டருக்குள் போய், அதைக் கொதிக்கவைத்துவிடும். அது த்ராட்டில் பாடியைவிடப் பெரிய செலவு.

வீட்டிலேயே மாற்றுகிற துணிச்சல்காரர்களுக்கு ஒரு சொல்: கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். பழைய பேட்டரியைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். அதில் இருப்பது ஈயமும் அமிலமும். புதுசு வாங்குகிற கடையிலேயே கொடுங்கள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது 2001-லிருந்தே சட்டம்.

கார் தெளிந்து நான் சிவகாசி போய்ச் சேர்ந்தபோது மெஷின் ஓடி முடிந்திருந்தது. அட்டைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். அழகான நீலம். ஓர் இழை மட்டும் தூக்கல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'ஏர் இழுக்குது', 'செல்ஃப் அடிக்குது', 'வண்டி உதறுது' என்று பட்டறைகளில் புழங்கும் சொற்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். உங்கள் ஊரில் வண்டி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதற்கு என்ன சொல்கிறார்கள், திணறுவதற்கு என்ன, திணறி அணைவதற்கு என்ன என்று தபால் அட்டையில் எழுதினாலும் போதும். அடுத்த இதழில் அதற்கு அரைப் பக்கம். மீதி அரைப் பக்கத்தை அட்டை நீலத்துக்கு வரப்போகும் கண்டனங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்